செவலைத் துரை

பாலோ ஊருக்கு மேற்கே ரயில் பாதையை ஒட்டிக் கிடந்த அந்தக் கித்தாத் தோட்டத்தில், துரை சடக்கில், அதாவது தோட்டத்து ரோட்டில், வந்தால் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு முறை இருந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஜனம் தலைத்துணியை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சடக்கோரத்து மழைத்தண்ணீர்க் கால்வாயில் இறங்கி நிற்க வேண்டும். கங்காணி கால்வாயில் இறங்க வேண்டியதில்லை, புல்லில் நின்றால் போதும். ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி சடக்கிலேயே நிற்கலாம், ஆனால் குடையை மடக்கிவிட வேண்டும். மழை கொட்டினாலும் மடக்கத்தான் வேண்டும். இதை யார் ஏற்படுத்தினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். சூரியனைக் கிழக்கே உதிக்கச் சொன்னது யார் என்று யாராவது கேட்கிறார்களா?

இந்த முறைக்குக் காவல் தெய்வம் பெரிய கிராணி சதாசிவம். ஆபீசில் அவருக்கு வேலை இல்லாமல் இல்லை. ஆனாலும் அவர் மனசெல்லாம் சடக்கிலேதான் கிடந்தது. எவன் முழுசாக இறங்கினான், எவன் ஒற்றைக் காலை மட்டும் வைத்தான், எவன் இறங்குகிற பாவனை காட்டிவிட்டு மரத்துக்குப் பின்னால் நழுவினான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "மரியாதை என்பது வேர். பால் என்பது மேலே வருவது. வேர் போனால் பால் ஏது?" என்று பெரட்டுக் களத்தில், விடியற்காலையில் ஆள் எண்ணுகிற அந்த மைதானத்தில், அடிக்கடி பேசுவார். கேட்டு நிற்கிறவர்களுக்கு வயிறு காலியாக இருக்கும். அதனால் பேச்சு தடங்கலில்லாமல் உள்ளே இறங்கும் என்பது அவர் அபிப்பிராயம்.

அந்த வருஷம் ஊரெங்கும் வெறிநாய்க்கடி பயம். சொந்தக்காரன் இல்லாத நாயைக் கண்ட இடத்தில் சுடலாம் என்று உத்தரவு வந்துவிட்டது. சனிக்கிழமை தோறும் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓர் ஆள் ஜனம் குடியிருக்கிற லயத்துப் பக்கம் வருவான். அவன் வந்து போனால் லயத்தில் சத்தம் குறைந்துவிடும். யாரும் அவனோடு சண்டைக்குப் போனதில்லை. பெண்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் மண்ணை வாரித் தூற்றுவார்கள்.

அப்படிப்பட்ட காலத்தில்தான் ஐயாசாமியின் பின்னால் ஒரு நாய் வந்தது.

ஐயாசாமி நடுவயசுக்காரன். பால் வெட்டுகிறவன். வம்பு தும்புக்குப் போகாதவன், அதாவது யார் திட்டினாலும் அது பக்கத்தில் நிற்கிறவனுக்கு என்று எடுத்துக்கொள்ளத் தெரிந்தவன். ரயில் பாதையோரம் இருந்த மர நிரையில் பால் எடுத்துக்கொண்டிருந்தபோது புதரிலிருந்து அது வெளியே வந்தது. செவலை நிறம், ஒரு காது மடங்கினது, விலா எலும்பெல்லாம் வெளியே தெரிந்தது. "போ" என்றான். வாலை ஆட்டியது. "போடாங்கிறேன்" என்று சுள்ளியை எடுத்தான். அவன் விளையாடுகிறான் என்று எண்ணிக்கொண்டு முன்னங்காலை நீட்டிக் குனிந்தது. இவ்வளவு மரியாதையாக அதுவரை அவனை யாரும் நடத்தியதில்லை. சுள்ளியைக் கீழே போட்டுவிட்டான்.

வீட்டில் அவன் பெண்சாதி காளியம்மா அதைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"நமக்கே கஞ்சி பத்தல. இதுல வெருந்தாளி ஒண்ணு கூட்டியாந்திருக்கியா?"

"நான் கூட்டியாரல புள்ள. அதுவா வந்துச்சு."

"சனிக்கெழம வந்தா சுட்டுப் போட்டுருவானுங்களே" என்றாள். சொல்லிக்கொண்டே மிச்சமிருந்த கஞ்சியைக் கொட்டாங்கச்சியில் ஊற்றினாள். அது குடிக்கிற வேகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பங்கிலும் கொஞ்சம் ஊற்றினாள். அப்போதுதான் இரண்டு பேரும் அதன் கழுத்தைக் கவனித்தார்கள். தடித்த தோல்பட்டை. அதில் பெரிய பித்தளை பக்கிள். "யாரோ ஆசப்பட்டு வளத்தது. தேடிக்கிட்டுத்தான் இருப்பாங்க. பாலோ பக்கம் விசாரிச்சுப் பாரு" என்றாள் காளியம்மா.

விசாரித்திருந்தால் அதோடு தீர்ந்திருக்கும். அதற்குள் கங்காணி சின்னத்தம்பி வந்துவிட்டார். நாயைப் பார்த்து ஓர் அதட்டல் போட வாயைத் திறந்தவர், பித்தளையைக் கண்டதும் அந்த அதட்டலை அப்படியே விழுங்கினார். லயத்து நாய்க்குக் கயிறே கிடையாது, பட்டை எங்கிருந்து வரும்? ஓட்டமும் நடையுமாக ஆபீசுக்குப் போனார்.

பெரிய கிராணி தாமே வந்து பார்த்தார். நாயை இரண்டு தரம் சுற்றிவந்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சிட் டவுன்!" என்றார். அந்தச் சமயம் பார்த்து நாய்க்கு உண்ணி கடித்தது. சட்டென்று உட்கார்ந்து பின்னங்காலால் காதைச் சொறிந்தது.

"பார்த்தாயா!" என்றார் கிராணி. அவர் குரல் தழுதழுத்தது. "இங்கிலீஷ்! உத்தரவு கிடைத்த மாத்திரத்தில் உட்கார்ந்துவிட்டது. இந்தத் தோட்டத்தில் உட்காரச் சொன்னால் ஏன் என்று முழிக்கிறவர்கள்தான் அதிகம். இது துரை வீட்டு நாய். சந்தேகமே இல்லை."

"ரயில் ரோட்டோரம் கெடந்திச்சுங்கய்யா" என்றான் ஐயாசாமி.

"கிடந்ததா? வாயை அலம்பிக்கொண்டு பேசு. மெயில் ரயிலின் முதல் வகுப்பிலிருந்து இறங்கியிருக்கும்."

"நம்ம தொரை நாய் வளக்கலீங்களே" என்று சின்னத்தம்பி மெதுவாக இழுத்தார்.

"நம் துரையுடையதாக இல்லாவிட்டால் வேறு துரையுடையது. அந்தத் துரை நம் துரையைவிடப் பெரிய துரையாக இருந்துவிட்டால்? கம்பெனியிலிருந்து மேற்பார்வைக்கு வருகிற துரையாகவே இருந்துவிட்டால்? நாளைக்கு அவர் வந்து, என் நாய் உங்கள் தோட்டத்தில் எப்படி நடத்தப்பட்டது என்று கேட்டால், கொட்டாங்கச்சியில் கஞ்சி ஊற்றினோம் என்று நான் சொல்லவா?"

"தொரைகிட்டயே ஒரு வார்த்த கேட்டுட்டா என்னாங்கய்யா?"

கிராணி ஐயாசாமியைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "துரையிடம் போய், நாயைத் தொலைத்தீர்களா என்று கேட்பதா? துரைக்கு ஒரு நாயைக்கூடப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று சொன்னதாக ஆகாதா அது? கேட்கக் கூடாது. நாமாகக் கண்டுபிடிக்க வேண்டும்."

மறுநாள் பெரட்டுக் களத்தில் புது உத்தரவு வந்தது. நாய் சடக்கில் வந்தால், துரை வந்தால் எப்படியோ அப்படி. ஜனம் கால்வாயில், கங்காணி புல்லில், கிராணி குடையை மடக்கி. நாய்க்கு டிஸ்பென்சரிக்குப் பின்னாலிருந்த மருந்துச் சாமான் அறை ஒழித்துக் கொடுக்கப்பட்டது. காய்ச்சல்காரப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த டின் பாலில் அதற்கும் பங்கு. மருந்து கொடுக்கிற டிரசர் தினமும் காலையில் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற நோயாளிகளைப் பார்ப்பார். சொல்லாமலே நாக்கை நீட்டுகிற ஒரே நோயாளி அதுதான் என்று அவருக்கு அதன்மேல் தனி மதிப்பு. வராந்தாவில் காய்ச்சலோடு சுருண்டு கிடந்தவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

நாயோ ஐயாசாமியைத் தவிர யார் கூப்பிட்டாலும் வரவில்லை. ஆகவே ஐயாசாமிக்கு வெட்டுக் கத்தியிலிருந்து விடுதலை. இருட்டில் எழுந்து காட்டுக்கு ஓட வேண்டாம், பால் வாளி சுமக்க வேண்டாம், கொசுக்கடி கிடையாது. ஆபீஸ் பியூனின் பழைய வெள்ளைச் சட்டை ஒன்றும், ஒரு இரும்புச் சங்கிலியும் கொடுத்தார்கள். வேலை இவ்வளவுதான்: நாயைச் சடக்கில் உலாத்த வேண்டும், அதன் துரையைத் தேட வேண்டும்.

முதல் நாள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது அவனுக்கு உயிரே போய்விட்டது. எதிரே வந்தவர்கள் எல்லாம் அவனோடு பிறந்து வளர்ந்தவர்கள், ஒரே பானைத் தண்ணீரைக் குடித்தவர்கள். ஒவ்வொருவராகத் தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டு கால்வாயில் இறங்கினார்கள். "வேணாம்ணே, மேல நில்லுங்கண்ணே" என்று முணுமுணுத்தான். "எங்களுக்கு எதுக்குப்பா வம்பு, கிராணி பாத்துக்கிட்டு நிக்கிறாரு" என்றார்கள். அன்றைக்குக் கண்ணைத் தரையிலிருந்து எடுக்காமலே நடந்து முடித்தான்.

காளியம்மா மட்டும் இறங்கவில்லை. தண்ணீர்க் குடத்தோடு சடக்கின் நடுவிலேயே வந்தாள். "எங்கையால கஞ்சி குடிச்ச கழுதைக்கு நான் எறங்கணுமா? போடா!" என்று நாயின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். நாய்க்கு ஒரே சந்தோஷம். ஐயாசாமிக்கும் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் வெட்கம் என்பதும் பழகிப்போகிற சாமானாக இருக்கிறது, என்ன செய்ய? இரண்டாவது நாள் கண்ணைத் தூக்கினான். பிறகு ஒரு நாள் சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டான். முழங்கால் வீங்கிய ஒரு கிழவர் கால்வாயில் இறங்க முடியாமல் தடுமாறிக்கொண்டு நின்றபோது, ஐயாசாமி லேசாகத் தொண்டையைச் செருமினான். வேண்டுமென்று செருமவில்லை. செருமல் தானாக வந்தது. கிழவர் பதறிப்போய்ச் சேற்றில் சரிந்து இறங்கினார். அன்றைக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. அடுத்த நாள் இறங்கிவிட்டது.

துரையைத் தேடும் படலமும் நடந்தது. கிராணியின் உத்தரவின்படி பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் நாயை ஓட்டிக்கொண்டு போனான். முதல் தோட்டத்துக் கிராணி தம் ஆபீஸ் ஜன்னலை விட்டு வெளியே வரவில்லை.

"இதை எங்கள் துரையுடையது என்கிறாயா? அப்படியானால் எங்கள் துரை தொலைத்துவிட்டார் என்கிறாய். எங்கள் துரை எதையும் தொலைக்கிறவர் இல்லை. போ, போ!"

அடுத்த தோட்டத்துக் கிராணி விஷயம் தெரிந்தவர். அவரும் துரையிடம் கேட்கவில்லை. துரை தேநீர் குடிக்கிற நேரத்தில் நாயைப் பங்களாத் தோட்டத்துச் செடிகளுக்கு நடுவே நிறுத்தச் சொல்லிவிட்டு, தாமும் ஐயாசாமியுமாக வேலிக்கு இந்தப் பக்கம் ஒளிந்துகொண்டார். துரை நாயைப் பார்த்தார். ஏதோ சொல்லி ஒரு ரொட்டித் துண்டை எறிந்தார். அது நாயின் மூக்கில் பட்டது. நாய் ரொட்டியைக் கவ்விக்கொண்டு வேலியைத் தாண்டி வந்துவிட்டது.

"பேசினார் பார்த்தாயா?" என்றார் அந்தக் கிராணி. "முன்பின் அறிமுகம் இல்லாமல் துரை பேசமாட்டார். அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நாய் நிற்கவில்லை. அதனால் அவருடையதாக இருக்க முடியாது. நீ என்ன சொல்கிறாய்?"

ஐயாசாமி என்ன சொல்வான்? "நீங்க சொன்னா சரிங்கய்யா" என்றான். வழியெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டு வந்தான். தோட்டத்துச் சடக்கில் கால் வைத்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு நெஞ்சை நிமிர்த்தினான்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில் லயத்துக்கு ஒரு பொம்பிளை வந்தாள். ஐம்பது வயசு இருக்கலாம். ரயில் பாதைச் சரளையில் நடந்து நடந்து கால் வெடித்திருந்தது. பெயர் வெள்ளையம்மா. அவள் புருஷன் செல்லப்பன் ரயில் கேட்டுக்காரனாக இருந்து செத்துப்போனவன். கேட்டு வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் குளுவாங்கில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு இடம் மாறினாள். மாறின அன்றைக்கே நாய் பழைய வீட்டைத் தேடிக்கொண்டு ஓடிவிட்டது. அன்றிலிருந்து தோட்டம் தோட்டமாகக் கேட்டுக்கொண்டு வருகிறாள்.

"செவல நெறம் தம்பி. ஒத்தக் காது மடிஞ்சிருக்கும். எங்க ஊட்டுக்காரரு பெல்ட்ட அறுத்துத்தான் கழுத்துல போட்டு வச்சேன். பெரிய பித்தள பக்கிளு."

காளியம்மா அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"உங்க நாயிதான்மா அது. சத்தியமா உங்க நாயிதான்" என்றான் ஐயாசாமி. அவன் வாயால், காளியம்மா கேட்க, அப்படித்தான் சொன்னான்.

வெள்ளையம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அந்த மனுசன் செத்த அன்னிக்கு அது ஒண்ணுதான் தம்பி எங்கூடக் குந்தியிருந்துச்சு. வேற நாதி கெடயாது எனக்கு."

காளியம்மா புருஷனைத் தனியாக இழுத்தாள். "சாமான் ரூம்புலதானே கெடக்கு? இப்பவே போயி அவுத்து விட்டுட்டு வா. பொழுதோட அந்தம்மா கூட்டிக்கிட்டுப் போயிரட்டும். நாளைக்குக் கேட்டா, அத்துக்கிட்டு ஓடிருச்சுன்னு சொல்லு."

அவன் எழுந்தான். வாசல் வரைக்கும் போனான். அங்கே கொடியில் வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தான், காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல. திரும்பி வந்தான்.

"அப்படித் திருட்டுத்தனமா வேணாம் புள்ள. நாளைக்கு ஆபீசுல முறையாக் கேட்டு வாங்கிக்கட்டும்" என்றான்.

முறை! எத்தனை பெரிய வார்த்தை பாருங்கள். அதைச் சொன்னதும் அவனுக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது. காளியம்மா கொடியில் கிடந்த சட்டையைப் பார்த்தாள். வெள்ளையம்மாதான், "ஆமா தம்பி, முறையாவே கேட்டுக்கறேன். ஒங்களுக்கு ஒரு பொல்லாப்பும் வரக் கூடாது" என்றாள்.

மறுநாள் ஆபீஸ் வராந்தாவில் விசாரணை. கிராணி கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். விசாரணை என்றால் அவர் இங்கிலீஷும் பேசமாட்டார், பேச்சுத் தமிழும் பேசமாட்டார், புஸ்தகத் தமிழ்தான். சின்னத்தம்பி கங்காணி ஒரு பக்கம், கைகட்டி நின்ற ஐயாசாமி மறு பக்கம், படிக்குக் கீழே வெயிலில் வெள்ளையம்மா.

நாயைக் கொண்டுவந்தார்கள். கிராணி பழக்க தோஷத்தில் குடையை மடக்கினார்.

"டேய் செவல!" என்றாள் வெள்ளையம்மா. அவ்வளவுதான். சங்கிலி ஐயாசாமியின் கையை அறுத்துக்கொண்டு போயிற்று. நாய் அவள் காலைச் சுற்றியது, மேலே தாவியது, கீழே விழுந்து புரண்டது, முனகியது, அவள் வெடித்த பாதத்தையெல்லாம் நக்கியது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மடங்கின காதைப் பிடித்துக்கொண்டு, "எங்கடா போன, எங்கடா போன" என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சு வரவில்லை. சின்னத்தம்பி கங்காணிகூட மூக்கைச் சிந்தினார்.

கிராணி மேஜையைத் தட்டினார்.

"நாய்க்குச் சாட்சி சொல்லும் பாத்தியதை கிடையாது" என்று ஆரம்பித்தார். "தமிழில் கூப்பிட்டதும் ஓடியது என்பீர்கள். இத்தனை நாள் இந்தத் தோட்டத்தில் இருந்த சகவாச தோஷத்தால் தமிழ் பழகியிருக்கலாம். அது போகட்டும். இந்தப் பெண் பிள்ளை, நாய் தன்னுடையது என்கிறாள். யோசித்துப் பார்ப்போம். சொந்தக்காரன் இல்லாத நாயைச் சுட வேண்டும் என்பது உத்தரவு. சொந்தக்காரன் என்பவன் யார்? அம்மா, நீ இத்தனை காலம் குடியிருந்த வீடு யாருடையது? ரயில்காரனுடையது. இதோ நிற்கிறானே ஐயாசாமி, இவன் இருக்கிற வீடு தோட்டத்துடையது. இவன் வெட்டுகிற மரம், பிடிக்கிற கத்தி, இறங்கி நிற்கிற கால்வாய் எல்லாம் தோட்டத்துடையது. இவனே தோட்டத்துடையவன். தனக்கே ஒரு சொந்தக்காரன் இருக்கிறவன் இன்னொன்றுக்குச் சொந்தக்காரனாக எப்படி முடியும்? ஆகையால் இந்த நாய் உன்னுடையது என்று ருசுவானால், இது சொந்தக்காரன் இல்லாத நாய். சனிக்கிழமை சுட்டுவிட வேண்டியதுதான். உன்னுடையது இல்லை என்றால் உயிரோடு இருக்கலாம். உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்."

வெள்ளையம்மாவுக்குப் பாதிதான் விளங்கியது. சுடுவது விளங்கியது. நாயை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"இன்னொன்றும் இருக்கிறது" என்றார் கிராணி. இப்போது அவர் குரல் சற்றே நடுங்கியது. "இது ஒரு கேட்டுக்காரன் வீட்டு நாய் என்றால், இத்தனை நாள் நான் குடை மடக்கியது யாருக்கு? மழையில் நனைந்தேனே, அது யாருக்கு? இதற்கு யார் பதில் சொல்வது? ஐயாசாமி, நீதான் நாயோடு பழகியவன். நினைவு வைத்துக்கொள், பொய்யாக ஒரு நாயைத் துரை நாய் என்று கொண்டுவந்தவனுக்கு இந்தத் தோட்டத்தில் இடம் இல்லை. இப்போது சொல். இது இவளிடம் மட்டும்தான் இப்படிக் குழைகிறதா?"

துரை நாய் என்று சொன்னது அவர்தானே ஒழிய ஐயாசாமி இல்லை. அதைச் சொல்லலாம். அந்தம்மாவைப் பார்த்தான். நாயைப் பார்த்தான். நிஜத்தைச் சொன்னால் நாயைச் சுட்டுவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பு வந்ததும் அவனுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது! நாயின் உயிரைக் காப்பாற்றத்தானே சொல்கிறோம்.

"இல்லீங்கய்யா. எல்லார்கிட்டயும் இப்படித்தாங்க கொழையும்" என்றான்.

"இந்த அம்மாளுடைய நாய் என்று உனக்கு எப்போதாவது தோன்றியதா?"

"தோணலீங்கய்யா."

வெள்ளையம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். நேற்று சத்தியமென்று சொன்னாயே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், கேட்கவில்லை. காட்டிக்கொடுத்தால் இவன் பிழைப்புப் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாயின் முகத்தைக் கையால் தடவிவிட்டு எழுந்தாள். "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும். எங்கண்ணுதான் மங்கிப்போச்சு போல" என்று சொல்லிச் சங்கிலியை எடுத்து அவன் கையில் தானே கொடுத்தாள். "வெந்த மீனு முள்ளு எடுத்துட்டுப் போடுங்க தம்பி. நாய்ங்களுக்குப் பொதுவா... தொண்டையில மாட்டிக்கும்" என்றாள். பிறகு சடக்கில் இறங்கி நடந்தாள். நாய் சங்கிலியின் கடைசிக் கண்ணி வரைக்கும் இழுத்துக்கொண்டு கத்தியது.

அவள் இன்னும் சடக்கு முனை திரும்பவில்லை. அதற்குள் துரையின் மோட்டார் வந்து நின்றது. சின்னத்தம்பி புல்லுக்கு ஓடினார். ஐயாசாமி கால்வாயில் குதித்தான். துரை கீழே இறங்கி, நேராக நாயிடம் வந்து அதன் தலையைத் தட்டிக்கொடுத்தார். அவருக்குத் தோட்டத்துத் தமிழ் கொஞ்சம் வரும்.

"நல்ல நாய், சதாசிவம். ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சேன். உன் நாயா?"

கிராணியின் முகத்தில் ஓடியதையெல்லாம் எழுதப் புகுந்தால் காகிதம் போதாது. நாயைத் தொட்டால் தலைமுழுகுகிற குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஆனால் துரை ஒன்றை நினைத்துவிட்ட பிறகு அது தப்பு என்று எப்படிச் சொல்வது?

"யெஸ் சார். என் நாய்தான் சார்" என்றார்.

"அதான் ஆளுங்க எல்லாம் கால்வாயில நிக்கிறாங்களா? எதுக்கு நிக்கிறாங்க? எப்பவும் நிக்கிறாங்க. கால்ல அட்டை கடிக்கும், இல்ல?" என்றார் துரை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் சடக்கைப் பார்த்தார். "அது யாரு போறது? அழுதுட்டுப் போகுது."

"வேலை கேட்டு வந்தவள் சார்."

துரை கால்வாயில் நின்ற ஐயாசாமியைப் பார்த்தார். "அப்படியா?"

கூப்பிடு தூரத்தில்தான் இருந்தாள் வெள்ளையம்மா. துரைக்கு நாயைச் சுடுகிற எண்ணம் துளிகூட இல்லை. கையில் சங்கிலி இருக்கிறது. "அது அந்தம்மாவோட நாய்ங்க தொரை" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நாயின் உயிருக்காகச் சொல்கிறோம் என்று இந்தத் தடவை அவனால் நினைத்துக்கொள்ள முடியவில்லை. நினைத்துக்கொள்ள எதுவுமே இல்லை.

"ஆமாங்க தொரை. வேல கேட்டு வந்தவங்க" என்றான்.

மோட்டார் போய்விட்டது. கிராணி விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டு, நாயைக் கிணற்றடியில் குளிப்பாட்டித் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டச் சொன்னார். ஐயாசாமிக்குச் சட்டை அப்படியே இருக்கட்டும் என்றும் சொன்னார். அவன் சொன்னபடி செய்தான். குளிப்பாட்டும்போது நாய் அவன் கையை நக்கவில்லை, கடிக்கவும் இல்லை. சடக்கு முனையையே பார்த்துக்கொண்டு நின்றது.

எல்லாம் முடித்து, வெறுங்கையோடு லயத்துப் பக்கம் நடந்தான். இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆபீசில் நடந்தது அவனுக்கு முன்னாலேயே லயத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எதிரே காளியம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். அவனைக் கண்டதும் நின்றாள். குடத்தை இறக்கிப் புல்லில் வைத்தாள். தலைத்துணியை மெதுவாக அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கால்வாய்ச் சேற்றில் இறங்கித் தலையைக் குனிந்து நின்றாள்.

"ஏ புள்ள, என்னா இது? நாய் எங்கிட்ட இல்ல. நான் மட்டுந்தான் வரேன்" என்றான் ஐயாசாமி.

"தெரியும்" என்றாள்.

அவன் போகட்டும் என்று அங்கேயே நின்றாள்.